கெசியாவின் தண்ணீர் ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெசியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கோபத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நடந்ததில் பாதி அதனால் வந்த வினை.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகும் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பின்பக்கம் வீடு, முன்பக்கம் கடை. பலகையில் மாமனார் பெயர், ஜனங்கள் வாயில் அது சுபத்ரா மெடிக்கல். ஃபார்மசி டிப்ளமோ முறையாகப் படித்து, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எதிரே ஒரு கிளினிக். அங்கே கெசியா இருபத்தாறு வருஷமாக நர்ஸ். அவளை வேலைக்கு வைத்த பெரிய டாக்டர் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். இப்போது இருப்பவர் ஹரிபிரசாத், முப்பத்திரண்டு வயசு, நல்ல படிப்பு. டாக்டர் மாறியும் கூட்டம் குறையவில்லை, ஏனென்றால் அது கெசியாவின் கைக்காக வருகிற கூட்டம்.

கைராசி என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். கெசியா கையால் ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், வலி போகும், குழந்தை அழாது. அவள் லீவு என்று தெரிந்தால் வந்த பேஷன்ட் அப்படியே திரும்பிப் போய், மறுநாள் வரைக்கும் காய்ச்சலோடு படுத்திருப்பார். தெருவில் யார் கடை திறந்தாலும் முதல் போணி அவள் செய்ய வேண்டும். பியூட்டி பார்லர் திறந்தபோது முதல் ஆளாக அவளை உட்கார வைத்துப் புருவம் திருத்தினார்கள். ஒரு வாரம் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட முகத்தோடு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஆளைப் பார்த்தால் ராசி, கீசி என்று ஒன்றும் தோன்றாது. குள்ளமான கட்டை உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, காட்டன் புடவைக்கு மேலே நீலக் கோட்டு. தொண்டை மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். "இன்னாத்துக்கு இப்டி எளைச்சுப் போயிட்ட? வூட்ல சண்டையா?" என்றுதான் ஆரம்பிப்பாள். மருந்துக் குப்பியை உடனே உடைக்க மாட்டாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். எங்கே வலிக்கிறது, எந்த நேரத்தில் அதிகம், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அப்புறம்தான் ஊசி. "சாயங்காலம் ஒரு வாட்டி வலி தலையைக் காட்டும். கண்டுக்காத. காலையில வந்து இன்னா ஆச்சுன்னு எனக்குச் சொல்லிட்டுப் போ" என்பாள். மறுநாள் வந்து சொல்வார்கள். வராதவர்களை இவள் வீட்டுக்கே தேடிப்போய் விசாரிப்பாள்.

அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். சில பேருக்கு அதில் இருப்பது வெறும் தண்ணீர். பவுடராக வருகிற ஊசி மருந்தைக் கரைப்பதற்கென்று சுத்தம் செய்த தண்ணீர் சின்னக் குப்பியில் வரும். மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னாலும், ஊசி போடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிற ஜனம் இருக்கிறதே, அவர்களுக்காகப் பெரிய டாக்டர் கண்டுபிடித்த வழி அது. டிஸ்டில்டு வாட்டரைச் சுருக்கிச் சீட்டில் டி.டபிள்யூ. என்று கிறுக்குவார். கெசியாவுக்குப் புரியும். குப்பியை விற்கிற எனக்கும் புரியும். வெறும் தண்ணீர் சதையில் இறங்கும்போது நன்றாகவே கடுக்கும். கடுக்கிற ஊசிதான் நல்ல ஊசி என்று எங்கள் ஊர்க்காரர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதற்காக அவள் எல்லோருக்கும் தண்ணீரை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை ஆட்டோக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, "கேஸ் டிரபுள்க்கா இது. ஒரு ஊசி போட்டுவுடு, சவாரி வெயிட்டிங்ல கீது" என்றார். அவர் நெற்றி வேர்வையைப் பார்த்தாள். "ஊசியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, ஏறு வண்டியில" என்று அவரை அவர் ஆட்டோவிலேயே பின்சீட்டில் தள்ளி, தெருவில் போன இன்னொரு டிரைவரை ஓட்டச் சொல்லி, தாம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அந்த மனுஷர் இன்றைக்கும் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார்.

அவள் புருஷன் ஏசுதாசன் லாரி டிரைவர். கல்யாணமாகி ஆறாவது வருஷம் ரோட்டு விபத்தில் போய்விட்டார். மகன் ஷெர்வினைத் தனி ஆளாக வளர்த்துப் படிக்க வைத்தாள். இப்போது அவன் காட்டாங்குளத்தூரில் காலேஜ் லேபில் வேலை பார்க்கிறான். பழைய பெருங்களத்தூரில் சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு ரூம் வீடு. மாதத்தில் இரண்டு நாள் கெசியாவுக்கு ஒற்றைத் தலைவலி வரும், கண்ணைத் திறக்க முடியாது. அந்த நாட்களில் என் கடைக்கு வந்து மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பாள். "ஊருக்கெல்லாம் போடறியே, உன் கையால உனக்கே ஒண்ணு போட்டுக்கயேன்" என்று கிண்டல் செய்வேன். "எனக்குத்தான் உள்ள இன்னா கீதுன்னு தெரியுமே, சுபத்ரா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்கு ஏனோ பாவமாக இருக்கும்.

இவ்வளவு சிநேகிதமாக இருந்தவளுக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தை மாதம் என் வீட்டுக்காரர் சுப்பராயலுக்கு அக்கி வந்தது. வலது விலாவில் பட்டையாகக் கொப்புளம். அவருடைய அக்கா கங்கையம்மாள் முடிச்சூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து காவியைக் குழைத்து எழுத வைத்தார். நான் டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை எழுதி வாங்கினேன். காவியோ மாத்திரையோ, கொப்புளம் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. நரம்பில் தங்கிவிட்ட வலி, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும் என்றார் ஹரிபிரசாத் டாக்டர்.

சட்டைத் துணி பட்டால் துள்ளுவார். ஃபேன் காற்று பட்டால் பல்லைக் கடிப்பார். திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து, ஒரு வெட்டி லீவு போடாத மனுஷர், வெற்று உடம்போடு ஹாலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு மாத்திரையின் அளவை ஏற்றினால் தலை சுற்றிக் கீழே விழப் போனார், இறக்கினால் வலி. என் கடையில் இருக்கிற களிம்பு, தைலம், ஸ்பிரே எல்லாவற்றையும் அவர்மேல் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவராகவே துண்டைப் போர்த்திக்கொண்டு எதிரே போய், "எனக்கு ஒரு ஊசி போட்டுவுடு கெசியா" என்று உட்கார்ந்துவிட்டார். ஊசியால் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். இவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் டாக்டர் டி.டபிள்யூ. என்று எழுதிக் கொடுத்தார். சீட்டு என் கடைக்குத்தான் வந்தது. நானேதான் குப்பியை எடுத்துக் கொடுத்தேன், மனசுக்குள் சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் அவர் பனியன் போட்டார்.

எனக்கு நம்ப முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனார், அதற்கடுத்ததும் போனார். மூன்றாவது வாரம் சட்டை போட்டார். ஏழாவது வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கம் வேலைக்கே கிளம்பிவிட்டார். நரம்பு மாத்திரையும் சின்ன அளவில் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் மாத்திரை ஆறு வருஷமாகத் தினமும் காலையில் நான் கையில் கொடுப்பது. அதெல்லாம் அவர் நினைப்பிலேயே இல்லை. வாயைத் திறந்தால் கெசியா புராணம்தான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பட்டேன். கூடவே வயிற்றெரிச்சலும் பட்டேன். மூன்று மாதம் தூக்கம் இல்லாமல் விசிறியும் ஈரத் துணியுமாகப் பக்கத்தில் கிடந்தவள் நான். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஏற்றுகிறவளுக்கு மாலை மரியாதை, எனக்கு ஒரு வாய் வார்த்தைகூட இல்லையா?

ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, கங்கையம்மாள் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். நான் கருவாட்டுக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, சட்டையெல்லாம் மாட்டிகினு மாப்ள கணக்கா கீற?" என்று தம்பியைக் கேட்டார் கங்கையம்மாள்.

"எல்லாம் கெசியா கைதான்க்கா. தோ கீறாளே, கடை நெறைய மருந்து வெச்சுகினு. ஒண்ணாவது எனக்குக் கேட்டுதா? சும்மா பேருக்குத்தான் மெடிக்கல்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டியைக் கீழே வைத்தேனா, போட்டேனா, எனக்கே நினைவில்லை. விடுவிடுவென்று முன்பக்கம் போய்க் கடையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"படிங்க. இன்னா எழுதியிருக்கு? வாட்டர். தண்ணி! நாலு மாசமா வாரா வாரம் உங்க கெசியா உங்களுக்கு ஏத்தினது இதைத்தான். மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான் எடுத்துக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா?"

அவர் குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கங்கையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ இத்தினி நாளா உனக்கு வலியே இல்லியாடா? சும்மா நெனைச்சுகினு கீறியா?" யாரோ பின்னாலிருந்து, "மாமாவுக்கு மனசுலதான் வலி" என்று சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கூட்டம் கிளம்பின பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"எனக்கு வலியே இல்ல. அப்டித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலங்க. ஊசியில ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன்."

"ஒண்ணும் இல்லாததுல போச்சுன்னா, வந்தது இன்னா?"

டிப்ளமோவில் அதைச் சொல்லித் தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் ஊசிக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வலி முழுசாகத் திரும்பிவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அவர் நடையைப் பார்த்தே தெரியும், வலது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தார். ஆனால் இந்தத் தடவை சட்டையைக் கழற்றவில்லை. அதுதான் பெரிய கொடுமை. கழற்றினால் நடிக்கிறான் என்பார்களே. பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, சிவந்த கண்ணோடு வேலைக்குப் போய் வந்தார். வலிக்கிறதா என்று கேட்டால், "எனக்கு இன்னா வலி? நான்தான் நெனைச்சுகினு கீறேனே" என்பார். ஐயோ, அந்தப் பேச்சுக்கு அவர் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

கங்கையம்மாள் முடிச்சூர் போய்ச் சேருவதற்குள் விஷயம் பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட வந்தவர்கள் "குப்பியைக் காட்டு" என்று கெசியாவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பொம்பளை கிளினிக் வாசலில் நின்று, "இத்தினி வருஷமா ஊரையே ஏமாத்திகினு கீறா" என்று கத்தினாள். கெசியா கேட்டவர்களுக்கெல்லாம் குப்பியைக் காட்டிவிட்டு ஊசி போட்டாள். டாக்டர் டி.டபிள்யூ. எழுதுவதையே நிறுத்திவிட்டார். கெசியா என் கடைப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டாள். தலைவலி வந்த ஒரு நாள், வெயிலில் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் மாத்திரை வாங்கி வந்தாள். கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் கூப்பிட வாய் வரவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை வாஷிங் மெஷினில் போடுவதற்காக அவர் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. மாத்திரைகள். சிலது முழுசாக, சிலது வேர்வையில் கரைந்து மாவாக. இன்னொரு பேன்ட்டிலும் அதே மாதிரி. நான் தினமும் காலையில் உள்ளங்கையில் வைத்த பிரஷர் மாத்திரையையும் நரம்பு மாத்திரையையும் அவர் வாயில் போடுகிற மாதிரி காட்டிவிட்டுப் பாக்கெட்டில் போட்டு வந்திருக்கிறார்.

"இன்னாங்க இது? ஏன் முழுங்கல?"

அவர் நிதானமாகத்தான் பேசினார். "எது மாத்திரை, எது சுண்ணாம்புன்னு எனக்கு எப்டித் தெரியும் சுபத்ரா? நாலு மாசம் தண்ணின்னு தெரிஞ்சுகினே எடுத்துக் குடுத்தவ நீ. இது மட்டும் நெசம்னு யார் சொன்னா?"

கடையில் இருக்கும் மெஷினில் பிரஷர் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. மறுபடியும் கட்டிப் பார்த்தேன், அதேதான். அவருடைய அப்பா இதே வயதில் பிரஷர் ஏறி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். மலம் மூத்திரம் அள்ளினது நான்தான், எனக்குத் தெரியும் அது என்னவென்று. கெஞ்சினேன். எங்கள் ஒரே மகள்மேல் சத்தியம் செய்தேன். அட்டையில் அச்சடித்திருப்பதை வரிக்கு வரி படித்துக் காட்டினேன். "குப்பியிலயும்தான் அச்சடிச்சிருந்துச்சு, நீ சொல்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுதா?" என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். நம்பிக்கை போன மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹரிபிரசாத் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆன்ட்டி, அங்கிளோட வலி ரியல். அதுல சந்தேகமே வேண்டாம். வலி குறையும்னு எதிர்பார்க்கும்போது உடம்பே வலியைக் குறைக்கிற மருந்தைக் கொஞ்சம் சுரக்கும். காலேஜ்ல பிளாசிபோன்னு ஒரு கிளாஸ் எடுத்தாங்க, நானே சரியா கவனிக்கல. உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லியே கொடுத்துக்கூட சில பேருக்கு வலி குறைஞ்சிருக்கு. இதுக்கு உல்டாவும் இருக்கு. நம்பிக்கை போச்சுன்னா நல்ல வலி மாத்திரைகூடப் பாதிதான் கேக்கும்."

"அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். பிரஷர் மாத்திரையை முழுங்கச் சொல்லுங்க."

"என் பேச்சை எப்படி நம்புவார்? டி.டபிள்யூ. எழுதினது நான்தானே. நான் அப்பவே உட்கார வெச்சு நேரா சொல்லியிருக்கணும்." அந்தச் சின்ன வயசு டாக்டர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். "கெசியா சிஸ்டர் சொன்னா கேப்பார்."

கெசியா பின் ரூமில் டிரே துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசினது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு உன் புருஷனுக்கு வலி போச்சேன்னு சந்தோஷமா இருந்துச்சா, எனக்குப் பேர் வந்துடுச்சேன்னு வயிறு எரிஞ்சுதா?"

"ரெண்டும்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? "தப்புப் பண்ணிட்டேன் கெசியா. என்னை எப்படி வேணா திட்டிக்கோ. அவர் உயிரைக் காப்பாத்து."

"ஊர் என்னை இன்னா சொன்னாலும் எனக்குக் கவலை இல்ல. அவ்ளோ பேர் முன்னாடி அந்த மனுஷனுக்கு வலியே இல்லன்னு ஆக்கிட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "பிரஷர் எத்தினி?"

"நூத்தித் தொண்ணூறு."

டிரேயை அப்படியே வைத்துவிட்டு, ஒரு குப்பியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, என்னைவிட வேகமாக ரோட்டைத் தாண்டினாள்.

அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார், பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு. கெசியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் நாற்காலி தேடவில்லை. அவர் காலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, குப்பியையும் அங்கே கிடந்த மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, என்னைப் பாருங்க. இது தண்ணி. நான் உங்களுக்குப் போட்டது இதுதான். தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பயம்ண்ணா. சொன்னா வலி திரும்பிடும்னு பயம். சட்டை போட்டுகினு வேலைக்குப் போறாரே, அதை நம்ம வாயால கெடுக்கணுமான்னு இருந்துட்டேன். தப்புதான். மன்னிச்சுடுங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"அப்போ எனக்கு வலி?"

"வலி இல்லன்னு எவன் சொன்னது?" கெசியாவின் பழைய தொண்டை வந்துவிட்டது. "வாரா வாரம் அந்த எடத்தைப் பாத்தவ நான். பஞ்சை எடுத்துகினு கிட்ட வந்தாலே உங்க சதை நடுங்கும். நடிக்கிறவனுக்குச் சதை நடுங்குமா? இல்லாத வலி எப்டிண்ணா போவும்? இருந்துச்சு, கொஞ்ச நாள் அடங்குச்சு. எதனால அடங்குச்சுன்னு டாக்டர் ஆயிரம் சொல்லுவார். உங்களுக்கு வலிச்சதும் நெசம், அடங்கினதும் நெசம். இதை நான் எந்தக் கோயில்ல வேணா வந்து சொல்றேன், சர்ச்சுலயும் சொல்றேன்."

ஐம்பத்தெட்டு வயசு மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே சட்டைப் பட்டனை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்று வாரமாகத் துணி உரசி உரசி அந்த இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கெசியா பிரஷர் மாத்திரையைப் பிரித்து எடுத்தாள். "இது மருந்து. இதுல உள்ள சரக்கு கீது. வலிக்காத நோய்க்கு உண்டானது, அதனால வேலை செய்யுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. நிறுத்தினா உங்க அப்பா கதிதான். தண்ணியைத் தண்ணின்னு சொல்லிட்டேன்ல, அதே வாயாலதான் இதை மருந்துன்னு சொல்றேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார், அவளிடம். வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

கெசியா எழுந்திருக்கப் போனபோது அவர், "அதையும் போட்டுட்டுப் போ" என்று குப்பியைக் காட்டினார்.

"தண்ணின்னு தெரிஞ்சுமாண்ணா?"

"தெரிஞ்சுகினுதான் கேக்கறேன். போடு."

"டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்தேன். தண்ணின்னு சொல்லிட்டு, நீங்க கேட்டாப் போடலாம்னாரு." குப்பியைப் பொத்தி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் படுக்கிறார், எத்தனை மணிக்கு வலி எழுப்புகிறது என்று விசாரித்துவிட்டு, ஊசி போட்டாள். நான் அதுவரை அவரிடம் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

முன்னே மாதிரி வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் நரம்பு மாத்திரையைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். இப்போது வீட்டில் வெற்று உடம்பு, வேலைக்குப் போகும்போது லூசான காட்டன் சட்டை. வலித்தால் வலிக்கிறது என்று வாயால் சொல்கிறார், நானும் எங்கே என்று கேட்கிறேன். கங்கையம்மாள் ஒரு நாள் போனில், "மனசை ஸ்ட்ராங்கா வெச்சுக்கடா" என்று ஆரம்பித்தபோது போனை நான் பிடுங்கி, வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுவிட்டேன். அந்தக் கோபத்துக்கு மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. பிரஷர் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது.

கிளினிக்கில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சில பேர் இன்னமும் குப்பியைக் காட்டச் சொல்கிறார்கள், அவளும் காட்டுகிறாள். தலைவலி மாத்திரைக்கு மறுபடியும் என் கடைக்குத்தான் வருகிறாள்.

ஆனால் அவர் என் கையிலிருந்து மாத்திரை வாங்குவதில்லை. இன்றுவரை இல்லை. தினமும் காலை எட்டரை மணிக்கு, டியூட்டிக்குப் போகிற வழியில் கெசியா வீட்டுக்குள் வருவாள். நான் அட்டையைக் கத்தரித்து அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும், அவள் அதை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட கை இது, வலிக்கத்தான் செய்கிறது. நானாகச் செய்துகொண்டது, யாரிடம் போய்ச் சொல்ல? அவர் விழுங்கி, மாத்திரை தொண்டையில் இறங்குகிற வரைக்கும் கதவோரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் நான் போய்க் கடை ஷட்டரைத் தூக்குகிறேன்.